பஞ்சர் தாங்கும் சைக்கிள் டயரும் கையால் பஞ்சர் ஒட்டுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போய் வருகிறவன் நான். போக 9 கிலோமீட்டர், வர 9. பாதி வழிக்கு இருபுறமும் சீமைக் கருவேலம். பஞ்சர் பார்த்துப் பார்த்துக் கை பழகிவிட்டதால் தெருப் பிள்ளைகள், புதிதாக கியர் சைக்கிள் வாங்கியவர்கள், நடைப்பயிற்சியை விட்டு சைக்கிளுக்கு வந்த பெரியவர்கள் என்று பலரும் வந்து கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பஞ்சரே ஆகாத டயர் என்று ஒன்று இருக்கிறதா?

காற்றடிக்கும் டயரில் அப்படி ஒன்று கிடையாது. பஞ்சரைக் குறைக்கும் டயர் உண்டு. எனக்கு மாதம் இரண்டு மூன்று என்று இருந்தது, டயர் மாற்றிய பிறகு வருஷத்துக்கு ஒன்றிரண்டுதான். ஆனால் அந்த ஒன்றிரண்டு எப்போதும் கடை இல்லாத இடத்தில்தான் வரும். அதனால்தான் நல்ல டயர் எது என்று கேட்டு வருகிறவர்களிடம், ஒட்டவும் கற்றுக்கொள்ளுங்கள் என்று சேர்த்தே சொல்கிறேன்.

நம் சாலைகளில் எதுதான் அதிகம் குத்துகிறது?

டயர் வாங்குவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பக்கம் முதல் எதிரி கருவேல முள். கரி மூட்டத்துக்கும் விறகுக்கும் வெட்டி வண்டியில் ஏற்றிப் போகும்போது சிறு கொப்புகள் உதிர்ந்து சாலையோரத்தில் கிடக்கும். ஒரு அங்குலத்துக்கு மேல் நீளமுள்ள, காய்ந்து இறுகிய முள். டயரில் ஏறியதும் வெளியே இருக்கும் முனை ஒடிந்துவிடும். உள்ளே போன முனை அப்படியே தங்கி, சக்கரம் சுற்றச் சுற்ற கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். காலையில் ஏறிய முள் மாலையில்தான் டியூபைத் தொடும்.

அடுத்தது நெருஞ்சி. ஒற்றையடிப் பாதையிலும் மைதான ஓரத்திலும் ஓட்டுகிறவர்களுக்கு இதுதான் தொல்லை. ஒரே காயில் பல முள் இருப்பதால் ஒரே நேரத்தில் நாலு ஓட்டைகூட விழும்.

தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஓட்டுகிறவர்களுக்கு எதிரி வேறு. லாரி டயர் வெடித்துச் சிதறினால் அதற்குள் இருந்த மெல்லிய எஃகுக் கம்பிகள் சாலையில் பரவிக் கிடக்கும். தலைமுடியை விடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். கண்ணுக்கே தெரியாது. நகரத்தில் கண்ணாடிச் சில்லும் ஆணியும்.

மழை பெய்த மறுநாள் பஞ்சர் கடையில் கூட்டம் சேர்வதைப் பார்த்திருப்பீர்கள். ஓரத்தில் கிடந்த முள்ளையும் சில்லையும் தண்ணீர் சாலைக்கு அடித்துக்கொண்டு வருகிறது. போதாததற்கு ஈரமான ரப்பரைக் கூர்முனை சுலபமாக அறுக்கும். தண்ணீர் அங்கே எண்ணெய் போல வேலை செய்கிறது.

அப்படியானால் எந்த மாதிரி டயர் வாங்கலாம்?

பஞ்சர் தாங்கும் டயர்களில் பெரும்பாலும் இரண்டு வகைப் பாதுகாப்பு இருக்கும். ஒன்று, தரையில் படும் ஓடுதளத்துக்கு அடியில் கெவ்லார் போன்ற வலுவான இழையில் நெய்த பட்டை. இன்னொன்று, அதே இடத்தில் தடிமனான, நெகிழும் ரப்பர் அடுக்கு.

நெய்த பட்டை கண்ணாடிச் சில்லை நன்றாகத் தடுக்கும். சில்லு அகலமானது, இழையை அறுத்தால்தான் உள்ளே போக முடியும். ஆனால் கருவேல முள்ளும் லாரி டயர்க் கம்பியும் இழையை அறுப்பதே இல்லை. இரண்டு இழைக்கு நடுவே விலக்கிக்கொண்டு நுழைந்துவிடும். கோணிச் சாக்கில் கத்தி இறங்கத் திணறும், கோணி ஊசி சட்டென்று இறங்கிவிடும் அல்லவா, அதே கதை. முள்ளுக்கு மருந்து தூரம்தான். முள்முனைக்கும் டியூபுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் ரப்பர் இருக்கிறது என்பதே கணக்கு.

அதனால் கிராமத்துச் சாலையிலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் ஓட்டுகிறவர்களுக்குத் தடித்த ரப்பர் அடுக்கு உள்ள டயரைத்தான் சொல்வேன். இந்த வகையில் பெயர்பெற்றது ஜெர்மானிய ஷ்வால்பே நிறுவனத்தின் மாரத்தான் பிளஸ். அதன் பாதுகாப்பு அடுக்கு 5 மில்லிமீட்டர். அதே வரிசையில் வெறும் மாரத்தான் என்ற டயரில் 3 மில்லிமீட்டர். கான்டினென்டல் கேட்டர்ஸ்கின் போன்றவை நெய்த அடுக்கை நம்பியவை, எடை குறைவு, நகரத்தில் வேகமாக ஓட்டுகிறவர்களுக்குப் பொருந்தும்.

இறக்குமதி டயர் உள்ளூர் டயரைப் போலப் பல மடங்கு விலை. எல்லாராலும் முடியாது, எல்லாருக்கும் தேவையும் இல்லை. உள்ளூர் டயர் வாங்கும்போது கடையில் டயரைக் கையில் எடுங்கள். நடுப்பகுதியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து அமுக்கிப் பாருங்கள். இரண்டு மூன்று டயரை இப்படிப் பார்த்தாலே எது தடிமன் என்று விரல் சொல்லிவிடும். டயரின் மேலே மேடு மேடாக இருக்கும் பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். இரண்டு பட்டனுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் முக்கியம், முள் ஏறுவது அங்கேதான்.

என் சைக்கிளுக்கு எந்த அளவு டயர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய டயரின் பக்கச் சுவரில் 37-622 என்பது போல எண் அச்சிட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டுமே மில்லிமீட்டரில். இரண்டாவது எண் கட்டாயம் ஒத்துப்போக வேண்டும். முதல் எண் கொஞ்சம் கூடலாம் குறையலாம்; ஃபோர்க்கிலும் மட்கார்டிலும் உரசாமல் இருந்தால் சரி.

அங்குலக் கணக்கை மட்டும் நம்பிக் கடைக்குப் போனால் வீண் அலைச்சல். 26 என்று சொல்லும் டயரிலேயே 559-உம் உண்டு, 590-உம் உண்டு. ஒன்றுக்கு ஒன்று சேராது. 700சி என்பதும் 29 என்பதும் பெயரில் வேறு, ரிம் அளவில் இரண்டும் 622. கம்பி பிரேக் வைத்த பழைய பெரிய சைக்கிளின் 28 டயர் 635.

கனமான டயர் போட்டால் மிதிக்கக் கஷ்டமாக இருக்குமா?

கொஞ்சம் இருக்கும். மாரத்தான் பிளஸ் 622 அளவில் ஒன்றே 900 கிராம் வரும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும் மேட்டில் ஏறும்போதும் தெரியும், சமதரையில் ஓடத் தொடங்கிவிட்டால் மறந்துபோகும். நேரத்துக்கு வேலைக்குப் போக வேண்டியவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஒரு டயருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் பின்சக்கரத்துக்குப் போடுங்கள். உடம்பின் எடை அதிகம் விழுவது அங்கே, கழற்றி மாட்டுவது சிரமமும் அங்கேதான்.

பழைய டியூபை வெட்டி டயருக்குள் போட்டால் போதுமா?

ஊரில் பலரும் செய்வது, உண்மையிலேயே உதவும். பழைய டியூபை நீளவாக்கில் கிழித்து, டயருக்கும் புது டியூபுக்கும் நடுவில் சுற்றிப் போடுவார்கள். கவனிக்க வேண்டியது முனை. வெட்டிய முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் அந்த இடத்தில் தேய்ந்து தேய்ந்து டியூபே ஓட்டையாகும். முனையைச் சாய்வாக வெட்டி உப்புத்தாளால் தேய்த்து மெல்லிசாக்கிவிடுங்கள். கடையில் விற்கும் பிளாஸ்டிக் பட்டைக்கும் இதே எச்சரிக்கை.

டியூபுக்குள் ஊற்றும் திரவம், டியூப்லெஸ், காற்றே வேண்டாத திட டயர் இவை எப்படி?

திரவம் சின்ன முள் ஓட்டையை அடைக்கும். ஆனால் நம் வெயிலில் சில மாதங்களில் உலர்ந்துவிடும், மறுபடி ஊற்ற வேண்டும். திரவம் ஊற்றிய டியூபில் பின்னாளில் ஒட்டுப் போடுவது பெரும்பாடு; ஓட்டை வழியே கசிந்து, ஒட்டுக்குப் பூசும் சொல்யூஷனைப் பிடிக்கவிடாது. டியூபே இல்லாமல் ஓடும் டியூப்லெஸ்ஸுக்கு அதற்கான ரிம்மும் டயரும் வேண்டும், மலைப்பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு நல்லது. திட டயரை நான் யாருக்கும் சொல்வதில்லை. பள்ளத்தின் அடி முழுவதும் ரிம்முக்கும் போக்ஸ் கம்பிக்கும் ஓட்டுகிறவரின் முதுகுக்கும் போகும்.

காற்று எவ்வளவு அடிக்க வேண்டும்?

டயரின் பக்கச் சுவரிலேயே பெரும்பாலும் குறைந்த அளவும் கூடிய அளவும் பிஎஸ்ஐ என்ற அழுத்தக் கணக்கில் போட்டிருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில், எடை கூடியவர்கள் மேல் எல்லைக்குப் பக்கமாக. 35 மில்லிமீட்டர் அகல டயருக்கு 50 முதல் 70 வரை சாதாரணம். அகலமான மலைச் சைக்கிள் டயருக்கு 30 முதல் 50 போதும்.

ரப்பர் டியூபில் ஓட்டையே இல்லாவிட்டாலும் காற்று மெல்ல இறங்கிக்கொண்டேதான் இருக்கும். வாரம் ஒருமுறை அடிப்பதைப் பழக்கமாக்குங்கள். காற்றுக் குறைந்த டயர் தரையில் அதிகம் படிந்து முள்ளை அதிகம் பொறுக்கும், பள்ளத்தில் விழுந்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கும்.

பெட்ரோல் பங்கில் மோட்டார் காற்று அடிப்பதைத் தவிர்க்கலாம். கார் டயருக்கான வேகம் அது. சைக்கிள் டியூபில் கொள்வது கொஞ்சம் காற்று, கண் இமைப்பதற்குள் அளவு தாண்டி வெடித்துவிடும். வீட்டில் மீட்டர் வைத்த கால் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள்.

காலையில் பார்த்தால் காற்று இல்லை. பஞ்சரா, வால்டியூப் போய்விட்டதா?

முதலில் வால்வைப் பாருங்கள். வால்வ் வாயில் எச்சிலோ சோப்புத் தண்ணீரோ ஒரு துளி வைத்தால், குமிழி வந்தால் அங்கேதான் கசிவு. சாதாரண சைக்கிளில் வால்வுக்குள் ஊசிபோன்ற பாகத்தின் மேல் சின்ன ரப்பர்க் குழாய் போட்டிருக்கும், அதுதான் வால்டியூப். வெயிலில் நாளாக ஆக வெடித்துப் பிசுபிசுக்கும். நகத்தளவு புதுத் துண்டு மாட்டினால் வேலை முடிந்தது. கியர் சைக்கிளில் பைக் வால்வ் என்றால் உள்ளே இருக்கும் பின்னை இறுக்கிப் பாருங்கள்.

டியூபைக் கழற்றியதும் நேரே ஒட்டிவிடலாமா?

கூடாது. ஓட்டை எங்கே, எப்படி விழுந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

டியூபின் வெளிவட்டத்தில் ஒற்றைப் பொட்டு என்றால் முள்ளோ கம்பியோ. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல், பாம்பு கொத்தியதுபோல் இருந்தால் காற்றுக் குறைவாக ஓட்டிப் பள்ளத்தில் இறக்கியிருக்கிறீர்கள். ரிம் பக்கம், உள்வட்டத்தில் ஓட்டை என்றால் போக்ஸ் கம்பியின் முனை நீட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது அந்த முனைகளை மூடும் ரிம் நாடா விலகியிருக்கிறது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால் காற்றில்லாமல் உருட்டியதில் டியூப் இழுபட்டிருக்கிறது. அந்த டியூபை ஒட்டிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

ஒரு வாரத்தில் ஐந்து முறை என் பின்சக்கரம் காற்றிறங்கியது. நானும் ஒட்டினேன், கடையிலும் ஒட்டினார்கள், புது டியூபும் போட்டாயிற்று. விரலால் டயருக்குள் தடவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. ஐந்தாம் முறை டியூபை டயர்மேல் அதே நிலையில் வைத்துப் பார்த்தேன். எல்லா ஒட்டும் ஒரே இடத்தில். அந்த இடத்தில் பஞ்சை உருட்டித் தேய்த்தபோது ஒரு இழை மாட்டி நின்றது. டயரைப் பின்பக்கமாக மடக்கினேன். அரிசியில் பாதியளவு எஃகுக் கம்பி முனை எட்டிப் பார்த்தது. குறடால் பிடித்து இழுத்தபோது ஒரு சென்டிமீட்டர் நீளம் வந்தது. காற்று நிரம்பி டயர் தரையில் அமுங்கும்போது மட்டும் உள்ளே நீட்டி, கையால் தடவும்போது ரப்பருக்குள் ஒளிந்திருக்கிறது அது. அன்றிலிருந்து காரணத்தைக் கையில் எடுத்துப் பார்க்காமல் டியூபை உள்ளே போடுவதில்லை.

இதற்காகவே டியூபைக் கழற்றும்போது வால்வ் எந்த இடத்தில் இருந்தது என்று டயரில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். விரலை மட்டும் விட்டுத் தடவ வேண்டாம், கண்ணாடி இருந்தால் கிழிக்கும். பஞ்சு அல்லது பழைய பனியன் துணி நல்லது.

சரி, பஞ்சர் ஒட்டுவது எப்படி?

காற்றை முழுக்க இறக்குங்கள். டயரின் இரண்டு பக்க விளிம்பையும் சுற்றிலும் அமுக்கி, ரிம்மின் நடுப்பள்ளத்துக்குத் தள்ளுங்கள். அங்கே விட்டம் குறைவு, அதனால் எதிர்ப்பக்கம் டயர் தளரும். இந்த ஒன்றைச் செய்துவிட்டால் பாதி டயர்கள் கையாலேயே கழன்றுவிடும். வராவிட்டால் வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில், டயர் கழற்றும் பட்டையான லிவரை விட்டு நெம்புங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், அதன் முனை டியூபைக் கீறி இன்னொரு பஞ்சரை உண்டாக்கும். ஒரு பக்க விளிம்பு வெளியே வந்தால் போதும், டியூபை உருவிவிடலாம்.

இவ்வளவு சுலபமாகக் கழல்வது ஒரு காலத்தில் இல்லை. 1888-இல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் இருந்த டன்லப் காப்புரிமை வாங்கிய காற்று டயர் சக்கரத்தோடு ஒட்டியே இருந்தது, பஞ்சர் பார்க்கப் பல மணி நேரம் பிடிக்கும். 1891-இல் பிரான்சின் மிஷ்லின் சகோதரர்கள் கழற்றி மாட்டும் டயரைக் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டே பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் நெடுந்தூரப் பந்தயத்தில் அந்த டயரோடு ஓடிய ஷார்ல் தெரோன் முதலில் வந்தார்.

இப்போது டியூபில் காற்றடித்து வாளித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்குங்கள். குமிழி வரும் இடத்தில் பெருக்கல் குறி போடுங்கள், குறியின் கைகள் நீளமாக இருக்கட்டும். தேய்த்தபின்னும் நடு எது என்று தெரிய வேண்டும். ஒன்று கிடைத்ததும் நிறுத்தாமல் முழு வட்டத்தையும் பாருங்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் டியூபைக் கன்னத்துக்கும் உதட்டுக்கும் பக்கத்தில் கொண்டுபோனால் காற்று படுவது தெரியும்.

டியூபை நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். ஒட்டுத் துண்டை விடக் கொஞ்சம் பெரிய வட்டத்துக்கு உப்புத்தாளால் தேயுங்கள். பளபளப்பு போய்க் கன்னங்கரேலென்று சொரசொரப்பாக வேண்டும். டியூபில் வார்ப்புக் கோடு ஒன்று மேடாக ஓடும்; ஒட்டு அதன்மேல் விழுந்தால் அந்த மேட்டைத் தேய்த்துச் சமமாக்கியே தீர வேண்டும், இல்லாவிட்டால் கோட்டோரமாகக் காற்று ஊர்ந்து வெளியேறும். தேய்த்தபின் விரல் வைக்காதீர்கள்.

சொல்யூஷனை மெல்லிசாகப் பூசுங்கள். பிறகு காத்திருங்கள், ஐந்து நிமிடமாவது. ஈரப் பளபளப்பு போய், ஓரத்தில் விரல்முதுகை வைத்தால் ஒட்டாமல் வர வேண்டும். சொல்யூஷன் பசை மாதிரி ஈரத்தில் ஒட்டுவதில்லை. கரைப்பான் ஆவியானபின் மிஞ்சும் ரப்பர்தான் ஒட்டுத் துண்டோடு பிணைகிறது. துண்டை நடுவில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கரண்டியின் பின்புறத்தால் அழுத்தித் தேயுங்கள். மேலே இருக்கும் மெல்லிய தாள் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அதைப் பிய்க்கும்போதுதான் ஓரம் கிளம்பும். சுற்றிலும் கொஞ்சம் முகப்பவுடர் தூவினால் டயரோடு ஒட்டிக்கொள்ளாது.

மாட்டும்போது டியூபில் வடிவம் வரும் அளவுக்குக் காற்று விட்டு வால்வை முதலில் நுழையுங்கள். டயர் விளிம்பை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி இரண்டு பக்கமாகவும் கையால் ஏற்றி வால்வருகில் முடியுங்கள். முடிந்ததும் வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி இழுத்து, டியூப் எங்கும் விளிம்புக்கடியில் சிக்கவில்லை என்று இருபுறமும் பார்த்துவிட்டுக் காற்றடியுங்கள்.

பின்சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டுமா?

ஒட்டுப் போடுவதற்குக் கழற்ற வேண்டியதில்லை. செயின் கவர், ஸ்டாண்டு, மட்கார்டு கம்பி எல்லாம் அச்சில் மாட்டிய சாதாரண சைக்கிளில், பஞ்சர் கடை அண்ணன்கள் சைக்கிளைச் சாய்த்து, செயின் இல்லாத பக்கமாக டியூபை வெளியே இழுத்து அப்படியே ஒட்டிவிடுவதைப் பாருங்கள். டயரையோ டியூபையோ மாற்றுவதற்குத்தான் சக்கரம் கழல வேண்டும். கியர் சைக்கிளில் கழற்றும் முன் செயினைப் பின்னாலிருக்கும் மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிக்கொண்டால் கழற்றவும் மாட்டவும் எளிது.

நான் போட்ட ஒட்டு இரண்டு நாளில் பிய்ந்துவிடுகிறது. ஏன்?

பெரும்பாலும் சொல்யூஷன் காயும் முன் வைத்திருப்பீர்கள். அதில்லை என்றால் போதுமான அளவு தேய்க்கவில்லை, அல்லது டியூபில் ஈரம் இருந்திருக்கும்.

டயரே கிழிந்துவிட்டால்?

சின்னக் கிழிசலுக்குப் பழைய டயரின் பக்கச் சுவரில் தீப்பெட்டி அளவு துண்டு வெட்டி, டயருக்குள் கிழிசலுக்கு நேராக வைத்து, காற்றைச் சற்றுக் குறைவாக அடித்து வீடு வந்து சேரலாம். பிறகு டயரை மாற்றிவிடுங்கள்.

பஞ்சரானபடியே மெல்ல ஓட்டிப் போகலாமா?

வேண்டாம். இறங்கித் தள்ளுங்கள். காற்றில்லாமல் ஓட்டினால் வால்வடி கிழியும், டயர் ஓரம் அறும், ரிம் கோணும். ஒரு ஒட்டில் முடிய வேண்டியது டியூப், டயர், கோட்டம் எடுப்பது என்று வளரும்.

பையில் என்ன வைத்துக்கொள்ள வேண்டும்?

என் சீட்டுக்கடியில் இருப்பவை: மாற்று டியூப் ஒன்று, லிவர் இரண்டு, கைப் பம்ப், ஒட்டுப் பெட்டி, சிறு குறடு, 15 அளவு ஸ்பேனர், பழைய துணி. வழியில் டியூபை மாற்றிவிட்டு, பழையதை வீட்டில் நிதானமாக ஒட்டுவேன். சொல்யூஷன் ஒருமுறை திறந்தால் மூடி வைத்தாலும் சில மாதத்தில் காய்ந்துவிடும், அவ்வப்போது அமுக்கிப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு எந்த வயதில் கற்றுத்தரலாம்?

பத்து வயதுப் பிள்ளை தாராளமாகச் செய்யும். பதினோராம் வகுப்பில் அரசு விலையில்லா மிதிவண்டி தருகிறது. பஞ்சராகி, ஒட்ட ஆளில்லாமல் வாரக்கணக்கில் திண்ணையில் சாய்ந்து கிடக்கும் சைக்கிள்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். பள்ளிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் போகிற பெண்ணுக்குச் சைக்கிள் நின்றால் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும், சில நாள் பள்ளியே போய்விடும். 1990-களின் தொடக்கத்தில் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அன்று ஓட்டக் கற்ற அம்மாக்களின் மகள்களும் பேத்திகளும் ஒட்டவும் கற்க வேண்டும் என்பது என் ஆசை. ஞாயிறு காலையில் ஒரு பழைய டியூபில் நீங்களே ஊசியால் குத்திக் கொடுங்கள், மூன்று முறை ஒட்டினால் கை வந்துவிடும்.

டயரை எப்போது மாற்ற வேண்டும்?

நடுப்பகுதி தட்டையாகி நூல் தெரிந்தால், பக்கச் சுவரில் வெடிப்பு ஓடினால், அல்லது காரணமே இல்லாமல் பஞ்சர் அடுக்கடுக்காக வந்தால். இரண்டும் ஒரே மாதிரி டயர் என்றால், புது டயரை முன்னால் போட்டுவிட்டு, முன்னால் இருந்த நல்ல டயரைப் பின்னால் போடுங்கள். தேய்ந்ததை முன்னால் போடக்கூடாது. முன்டயர் வெடித்தால் கைப்பிடி நம் வசம் இருக்காது. கழற்றிய டயரை எறிந்துவிடாமல் ஒரு சாண் வெட்டிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், கிழிசலுக்கு உள்ளே வைக்க உதவும்.